மட்சுதா ஊற்றிய கோப்பை

மன்னாரில் இருந்தபோது இராயப்பு கள்ளைக் கண்டு முகம் சுளித்தவர் அல்ல. சூரிச்சுக்கு வந்தபின் ஒரு சொட்டும் தொடவில்லை. போருக்குள் அகப்பட்டிருந்த மனைவி செசீலியா தன்னிடம் வந்து சேரும்வரை குடிப்பதில்லை என்று மடு மாதாவுக்கு நேர்த்தி. நேர்த்தியை வெளியில் சொன்னால் பலிக்காது என்று வேறு நம்பினார். போயும் போயும் அந்த மனுசனுக்கு வேலை கிடைத்தது ஜப்பானிய உணவகமொன்றின் குசினியில்!

முதலாளி மட்சுதாவுக்குச் சாக்கே என்றால் உயிர். சோற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் ஜப்பானியக் குடிவகை அது. சனிக்கிழமை மதியக் கூட்டம் கலைந்ததும் புதுப் போத்தல் ஒன்றைத் திறப்பார். அவர்கள் வழக்கப்படி தன் கோப்பையில் தானே ஊற்றக்கூடாது, மற்றவர்தான் ஊற்றவேண்டும். முதல்நாள் அவர் இரண்டு கையாலும் ஊற்றி நீட்டியதும் இராயப்பு பதறிப்போய் வயிற்றைத் தடவிக்கொண்டு, டொச்சு என்கிற ஜெர்மன் மொழியில் வயிற்றுக்குத் தெரிந்த ஒரே சொல்லாக, "மாகன், மாகன்" என்றார். வயிற்றுப் புண்ணாக்கும் என்று மட்சுதா அப்படியே நம்பிவிட்டார். அன்றிலிருந்து உறைப்பில்லாத கஞ்சி வேறு காய்ச்சிக் கொடுத்தார். சாக்கேயின் மணத்தையாவது சொல் என்பார். ஒன்றில் வெள்ளரிப்பழம் மணக்கிறது, மற்றதில் வடித்த கஞ்சி மணக்கிறது என்று இராயப்பு சொல்ல, விழுந்து விழுந்து சிரிப்பார். பிறகு வாய்தவறி, ருசி எப்படி என்று கேட்டுவிட்டுத் தன் தலையில் தானே குட்டிக்கொள்வார்.

தொண்ணூற்றாறில் செசீலியா வந்து சேர்ந்தாள். ஐன்சீடெல்ன் மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தியாயிற்று. நேர்த்தி தீர்ந்தது. கடையில் சாக்கேயைச் சின்னச் சின்னப் போத்தல்களாக வாங்கி, சூரிச்சுக்குப் பக்கத்து ஊரான ஊஸ்டரில் இருந்த வீட்டில் வைத்து, செசீலியா முணுமுணுத்தபடி ஊற்ற, இராயப்பு ஒவ்வொன்றாகச் சுவைத்தார். கலங்கலாக இருந்தது கள்ளுக்குத் தங்கச்சி, ஆனால் சாதுவான தங்கச்சி. குளிரவைத்தது தண்ணீர்போல இறங்கி, விழுங்கிய பிறகுதான் பழவாசம் மேலே வந்தது. சூடாக்கியது முதலில் மூக்கில் ஏறியது, பிறகு நெஞ்சில் சோற்றின் இனிப்பாய் நின்றது. பழைய மஞ்சள் சாக்கேயில் பனங்கட்டி மணத்தது.

"எனக்கேன் சொல்லுறியள்? அந்த மனுசனிட்டைச் சொல்லுங்கோவன்" என்றாள் செசீலியா.

"ஓம், சொல்லத்தான் வேணும். இவ்வளவு காலமும் பொய் சொல்லிப்போட்டான் எண்டு நினைச்சாரெண்டால்?"

ஒரு வாய்ச் சொல்தானே? அதற்கு இந்த மனுசனுக்கு நாக்கு எழவில்லை. சனிக்கிழமைதோறும் வாயைத் திறப்பார், மட்சுதா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நிற்பார். வருகிற கிழமை பார்ப்போம் என்று இரண்டு வருடம் போய்விட்டது. அப்போதுதான் மட்சுதா கடையை விற்றுவிட்டு ஜப்பானுக்கே திரும்பப்போவதாகச் சொன்னார்.

பிரியாவிடை அன்று இராயப்பு ரயிலில் வரும்போதே டொச்சில் சொல்லவேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டார். இன்றைக்குக் கோப்பையை நீட்டியே தீருவது. மட்சுதா பத்திரப்படுத்தி வைத்திருந்த போத்தலைத் திறந்தார். வெள்ளரிப்பழ வாசம் குசினி முழுக்கப் பரவியது. எல்லோருக்கும் ஊற்றிக்கொண்டு வந்தவர், இராயப்புவிடம் வந்ததும் போத்தலைக் கீழே வைத்தார். தனியே சூடாக்கி வைத்திருந்த சாடியை எடுத்து இரண்டு கையாலும் ஊற்றினார். சுடுதண்ணீர்.

தனக்கென்று அவர் நினைத்துச் செய்ததைப் பொய்யாக்க இராயப்புவுக்கு மனம் வரவில்லை. வயிறு எரிந்தது, இந்தமுறை உண்மையாகவே. எல்லோரோடும் சேர்ந்து குடித்தார். மட்சுதா குனிந்து, ருசி எப்படி என்று கேட்டார். இந்தத் தடவை தலையில் குட்டிக்கொள்ளவில்லை.

நல்லாயிருக்கிறது என்றார் இராயப்பு. அவர் கண் கலங்கியதைக் கண்ட மட்சுதா சாடியைத் தூக்கி, கோப்பையை மறுபடி நிரப்பினார்.