மேப்பில் நகரும் என் போட்டோ

பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்று தெரியும். சிரிப்பதென்றால் முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எனக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. ராயப்பன்பட்டியில் எங்கள் தெருப் பெண்களை விடியற்காலையில் ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு மலை ஏறி ஏலக்காய்த் தோட்டத்தில் வேலைக்கு இறக்கிவிட்டால், சாயங்காலம் அவர்கள் திரும்பும்வரை டிரைவருக்கு அங்கே தூக்கம்தான். இந்தச் சும்மா இருக்கிற நேரம்தான் என் மனைவி ஸ்டெல்லாவை அரித்தது. நான் போடும் ஜீப் ரீல்ஸுக்கு எவளோ ஒருத்தி விடாமல் ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தாள். சத்தியமாக அவள் யாரென்று எனக்கே தெரியாது, சொன்னால் ஸ்டெல்லா நம்புவாளா? வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் போட்டுவிட்டுத்தான் வண்டியையே எடுக்க வேண்டும் என்றாகிவிட்டது. எரிச்சல்தான், ஆனாலும் போட்டேன்.

ஒருநாள் வீட்டுக்குள் நுழையும்போதே கேட்டாள், "மத்தியானம் தோட்டத்துக்குக் கீழ இருக்க வீட்டுல யாரைப் பாக்கப் போனீக?"

அன்றைக்கு மத்தியானம் முழுக்க நான் ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. அவளோ ஸ்கிரீன்ஷாட்டை நீட்டினாள். மேப்பில் என் போட்டோ அந்த வீட்டின் மேல் நிற்கிறது. மறுநாளும் அதே வீடு. அம்மா வீட்டுக்குப் போவதாகத் துணிமணியை எடுத்து வைத்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்ததும், வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு அமலி அக்காவிடம் கொடுத்துவிட்டு, "வா, நேர்லயே பாத்துருவோம்" என்று அவளைக் கூட்டிப்போனேன்.

அங்கே வெறும் சுவர்தான் நின்றது. கூரை இல்லை, உள்ளே காப்பிச்செடி முளைத்துக் கிடந்தது. ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். எனக்கும் மனசு லேசானது. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அமலி அக்கா.

"ஏத்தா, உன் வீட்டுக்காரரு மட்டும் வந்து சாவி வாங்கிட்டுப் போறாக. நீ கூட வரலையா?"

ஸ்டெல்லா என் கையை விட்டுவிட்டாள். பழக்கத்தில் அன்றும் லொகேஷன் போட்டிருந்தேன், நம்பினால் நம்புங்கள், போன் என் சட்டைப்பையில் இருக்கிறது, அவள் போன் மேப்பில் என் போட்டோ ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டுக்குள் இருக்கிறது.

அடித்துப் பிடித்து வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. ஒரு பொருள்கூடக் களவு போகவில்லை.

அதற்குப் பிறகு எந்தப் பெண்ணைப் பற்றியும் அவள் கேட்பதில்லை. நான் வந்து கதவைத் தட்டினால், ஜன்னல் வழியாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டே என் நம்பருக்குப் போன் போடுகிறாள். என் கையில் மணி அடித்தால்தான் தாழ்ப்பாளை எடுப்பாள். கட்டின மனைவி நம்மைப் பார்த்தே பயப்படுவது எவ்வளவு வேதனை தெரியுமா?

நேற்று சாயங்காலமும் அப்படித்தான் போட்டாள். என் போன் அடிக்கவே இல்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஸ்டெல்லா என்னையே பார்த்தபடி, போனில் யாரிடமோ, "எங்கன வந்துக்கிட்டு இருக்கீக?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.