நூல் கடிக்கும் பக்கம்

என் அக்காவுக்கு நேராக ஓட வராது. வேகமாக ஓடுவாள், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளோடு ஓடப் பெயர் கொடுக்கிற பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் இடத்துக்குத்தான் சண்டை பிடிப்பார்கள். ஆனால் இருநூறு மீற்றர் ஓட்டத்தின் வளைவில் அவளுடைய தலை மெல்ல இடப்பக்கம் சரியும். தலை போன பக்கம் தோள் போகும், தோள் போன பக்கம் கால் போகும். கடைசியில் இடது கால் சுண்ணாம்புக் கோட்டில் போய் மிதிக்கும். கோட்டை மிதித்தால் ஓடினது செல்லாது. அந்த வருடத்துப் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டியில் எல்லோருக்கும் முன்னால் வந்து முடித்துவிட்டு, பரிசு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா அப்போது பத்தாம் வகுப்பு. நான் நாலாம் வகுப்பு. அடுத்த வருடம் அவளுக்குச் சாதாரணதரப் பரீட்சை. அதற்குப் பிறகு ஓட்டமும் கூத்தும் கிடையாது என்று அம்மா முன்பே சொல்லிவிட்டாள். ஆகவே அக்காவுக்கு மிச்சம் இருந்தது வரப்போகும் வலயப் போட்டி ஒன்றுதான். விளையாட்டு டீச்சர் பள்ளிக்கூட அதிபரிடம் போய் நின்று, எப்படியோ கதைத்து அவளுடைய பெயரைச் சேர்த்துவிட்டார். அங்கேயும் கோட்டை மிதித்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லியும் விட்டார். அக்காவுக்கு ஓட்டம் என்றால் உயிர். எனக்கு அது அப்போது பொறாமையாக இருந்தது. எனக்கு அப்படி உயிரான சங்கதி ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் வீடு ஆலங்குடாக் கரையில். நாட்டில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. கடலில் இருந்த தடைகள் நீங்கியதும் அப்பாவும் மற்றவர்களும் நினைத்த நேரத்தில் நினைத்த தூரம் போய்வரத் தொடங்கியிருந்தார்கள். தூரம் போன வலைகள் கல்லில் சிக்கிக் கிழிந்து வந்தன. கிழிந்தவை எல்லாம் எங்கள் வீட்டு முற்றத்துக்கு வந்தன. வலை பொத்துவதில் அம்மா பேர் போனவள். மற்ற வீடுகளில் அது ஆண்களின் வேலை. எங்கள் வீட்டில் அப்பா அந்த ஊசியைத் தொட்டால் அம்மா பிடுங்கிவிடுவாள்.

அம்மா வலையின் கிழிந்த கண்ணுக்குள் ஊசியை விட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே போவாள். இடது பக்கத்தில் குந்தியிருக்கும் அக்கா குனிந்து, முடிச்சின் அடியில் நூலைக் கடைவாயில் வைத்துக் கடித்துவிடுவாள். கத்தி எடுத்தால் கை மாற வேண்டும், பக்கத்துக் கண்ணும் அறுந்துபோகும். பல்லுக்கு அந்தப் பிழை வராது. இரண்டு பேரும் சேர்ந்து இருந்தால் மெஷின் தோற்றுவிடும். அம்மா ஏன் தானே கடிப்பதில்லை என்று நான் யோசித்ததில்லை. அவளுடைய வாய் எங்களை ஏசுவதற்கும் போகிறவர் வருகிறவரோடு கதைப்பதற்கும் வேண்டியிருந்தது, அதனால் கடிக்கிற வேலை அக்காவுக்கு வந்தது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

அக்கா ஓடும்போது பல்லை இறுக்கிக் கடிக்கிறாள், கடிக்கும்போது தாடை இடப்பக்கம் போகிறது என்பதை முதலில் கண்டவர் விளையாட்டு டீச்சர்தான். பள்ளிக்கூடத்துக்குப் பல் பார்க்க ஒரு டொக்டர் வந்தபோது அக்காவையும் வரிசையில் நிறுத்திவிட்டார். என் பாற்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்ததால் அக்காவுக்குப் பின்னால் நானும் நின்றேன். டொக்டர் அக்காவின் வாயைத் திறக்கச் சொன்னார், மூடச் சொன்னார், காதுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு திரும்பவும் திறக்கச் சொன்னார். இடப்பக்கத்துப் பற்கள் இரண்டு தேய்ந்து, நூல் போகிற அளவுக்குக் கீறல் விழுந்திருந்ததாம். வாயை மூடும்போது கீழ்த்தாடை நேராக வந்து பொருந்தாமல் ஒரு பக்கம் வழுக்குகிறதாம். அந்தப் பக்கத்துக் கழுத்தும் இறுகியிருக்கிறதாம்.

அதனால்தான் தலை சரிகிறதா என்று டீச்சர் கேட்டார்.

"இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார் டொக்டர். "இதில படிச்சவங்களே ரெண்டு விதமாச் சொல்றாங்க. எதுக்கும் போட்டி முடியிற வரைக்கும் நூல் கடிக்க வேணாம், மகள். ரெண்டு பக்கத்தாலயும் சப்பிச் சாப்பிடுங்க. ஓடக்குள்ள பல்லக் கடிக்காதீங்க."

எங்கள் வீட்டில் இருக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒன்றில் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. நாங்கள் வந்து சொன்னதும், இருக்கிறது என்று அப்பா முடிவெடுத்தார், இல்லை என்று அம்மா முடிவெடுத்தாள்.

அப்பாவுக்கு விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது. வள்ளம் ஒரு பக்கம் சரிந்தால் மற்றப் பக்கத்தில் பாரம் வைக்க வேண்டும். இதற்கு எதற்கு டொக்டர். பழைய வலை மிதவை ஒன்றை எடுத்துத் துண்டு வெட்டி, கத்தியால் சீவி, கழுவிக்கொண்டு வந்து அக்காவின் வலது கடைவாயில் வைத்தார். ஈரமணலில் நீளத்துக்கு ஒரு வலைக்கயிற்றை இழுத்துக் கட்டினார். கயிற்றுக்குப் பக்கத்தால் ஓட வேண்டும், காலடி கயிற்றில் படக்கூடாது.

"கடிச்சுப் பிடி. விட்டுடாத" என்றார்.

அக்கா தெற்கே பார்த்து ஓடினாள். முதலில் நேராகத்தான் போனாள். பிறகு மெல்ல வலப்பக்கம் திரும்பினாள். வலப்பக்கம் கடல். முழங்கால் தண்ணீரில் நின்று அவள் இருமிய இருமலில் மிதவைத் துண்டு வாயிலிருந்து விழுந்து, தன் தொழிலைத் தான் செய்துகொண்டு மிதந்து போனது. காற்றுப் பட்டம் கட்டிக்கொண்டு கடலில் சறுக்குகிற வெள்ளைக்காரர்கள் சிலர் கரையில் நின்றார்கள். அவர்கள் கை தட்டினார்கள். அப்பா நீந்திப் போய்த் துண்டை எடுத்து வந்து, பாரம் கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்லி இன்னும் சீவினார். சீவிச் சீவி அது ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்தபோது அக்காவுக்குத் தாடை நொந்து சோறு சாப்பிட முடியாமல் போனது. வள்ளத்துக்குச் சரி வருவது பிள்ளைக்குச் சரி வரவில்லையே என்று அப்பா மெய்யாகவே கவலைப்பட்டார்.

அம்மாவின் கோபம் வேறு. தன் வேலை தன் பிள்ளையைக் கோணலாக்கிவிட்டது என்று ஒரு டொக்டர் சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை.

"எனக்கு வராத கோணல் இவளுக்கு எங்கயிருந்து வந்தது? என்ட கழுத்தப் பாருங்க" என்றாள். நாங்கள் பார்த்தோம். நேராகத்தான் இருந்தது. "நான் குமரில கடிச்ச நூல நீட்டினா இங்கயிருந்து கற்பிட்டி மட்டும் போகும். சரி, போட்டி முடியும் மட்டும் நானே கடிக்கிறன். எனக்குத் தலை சரியாட்டி அந்த டொக்டர் சொன்னது பொய். சரியோ?"

"சரி" என்றார் அப்பா.

அந்த நிமிடத்திலிருந்து நூல் அக்காவின் வாயிலிருந்து அம்மாவின் வாய்க்குப் போனது. பந்தயம் என்றால் நடுவர் வேண்டும். அந்தப் பதவியை நானே எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்தால் வந்ததும் முற்றத்தில் அம்மாவுக்கு எதிரே போய் நின்று கழுத்தைப் பார்ப்பேன். நேராக இருக்கிறது என்று அப்பாவுக்கு அறிவிப்பேன்.

வீடு அமைதியாகிவிட்டது. அம்மாவின் வாயில் எந்நேரமும் நூல் இருந்ததால் ஏச்சு குறைந்தது, ஊர்க்கதை குறைந்தது. வழக்கமாகக் கதைக்க வருகிறவர்கள், கதை கிடைக்காமல் எழும்பிப் போனார்கள். அப்பா கதிரையை வெளியே போட்டு உட்கார்ந்து, இந்தப் போட்டி வருடம் முழுக்க இருந்தால் நல்லது என்றார். அம்மா அடுத்த நூலைக் கடித்தாள். பின்னேரத்தில் அவள் பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்து வலப்பக்கத்தால் மெல்லச் சாப்பிடுவாள். சில நேரம் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு இருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் பந்தயம் கழுத்தைப் பற்றியது, நான் கழுத்தை மட்டும் பார்த்தேன்.

அக்காவின் பின்னேரங்கள் அவளுக்கே கிடைத்தன. முன்பு அந்த நேரம் முழுவதும் வலைக்குப் பக்கத்தில் குனிந்திருந்தவள் இப்போது கரையில் கயிற்றோடு ஓடினாள். பல்லைக் கடிக்காமல், கரைக்கு வந்த மீனைப் போல வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு ஓடச் சொல்லி டீச்சர் பழக்கினார். பார்க்க அழகாக இல்லை. ஆனால் மணலில் கிடந்த காலடிகள் மெல்ல மெல்லக் கயிற்றை விட்டு விலகின. அப்பா குனிந்து அவற்றைப் பார்த்துக்கொண்டே நடப்பார். முற்றத்தில் அம்மா கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்து நூல் கடித்தாள். அக்கா ஓடி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு வந்தால் மட்டும், கால் கயிற்றில் பட்டதா என்று அம்மா என்னிடம் கேட்பாள். அக்காவிடம் கேட்கமாட்டாள்.

வலயப் போட்டி புத்தளத்தில் நடந்தது. அப்பா கடலுக்குப் போயிருந்தார். அம்மா வருவாள் என்று நாங்கள் நினைக்கவில்லை. விடிய எழும்பிச் சேலை உடுத்துக்கொண்டு, புத்தளத்தில் நூல் வாங்க வேண்டியிருக்கிறது என்று சொல்லி எங்களோடு பஸ்ஸில் ஏறினாள். நுரைச்சோலையைத் தாண்டும் வரைக்கும் அக்கா யன்னலால் வெளியே பார்த்தபடியே வந்தாள். அவளுடைய கை அம்மாவின் மடியில் இருந்தது. எப்போது போய் அங்கே சேர்ந்ததோ தெரியாது.

மைதானத்தில் அம்மா நிழலில் நிற்கவில்லை. நேரே வளைவுக்குப் போய், கோடு நன்றாகத் தெரிகிற இடத்தில் என்னையும் பிடித்துக்கொண்டு நின்றாள். வெடிச் சத்தம் கேட்டது. அக்கா வாயைத் திறந்தபடி வந்தாள். தலை நேராக இருந்தது. பிறகு கொஞ்சம் சரியத் தொடங்கியது போல எனக்குப் பட்டது. என் கையைப் பிடித்திருந்த அம்மாவின் விரல்கள் இறுகின. தலை நிமிர்ந்தது. கால் கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது, அடுத்ததும் அப்படியே விழுந்தது. அவள் எங்களைக் கடந்து நேர்ப்பாதைக்குள் போய்விட்டாள். சுண்ணாம்புக் கோடு போட்டது போட்டபடி வெள்ளையாகக் கிடந்தது.

அக்கா இரண்டாவதாக வந்தாள். மாகாணப் போட்டிக்கு அது போதும் என்று டீச்சர் ஓடிவந்து சொன்னார். அம்மா "அப்படியோ" என்று மட்டும் சொன்னாள்.

நூல்தான் அக்காவின் தலையைச் சரித்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கயிற்றோடு ஓடிப் பழகியதாலும் சரி வந்திருக்கலாம், குனிந்த முதுகுக்கு ஓய்வு கிடைத்ததாலும் இருக்கலாம். நான் பிறகு கேட்டுப் பார்த்த பல் டொக்டர்களும் பாதிப் பேர் ஓம் என்று தலையாட்டுகிறார்கள், பாதிப் பேர் சிரிக்கிறார்கள். அதை விளங்காமல் இருந்ததில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. நான் விளங்காமல் விட்டது அம்மாவைத்தான். குமர்ப் பிள்ளையாக இருந்தபோது கற்பிட்டி வரைக்கும் நீளுகிற நூலைக் கடித்தவளுக்கு அந்தப் பல் நோவு எப்படிப்பட்டது என்று தெரியாமல் இருந்திருக்காது. தாங்க முடியாமல்தான் அந்த வேலையை ஒரு நாள் மகளின் வாய்க்குக் கொடுத்திருக்கிறாள். கொடுத்தது பிழை என்று வாயால் சொல்ல அவளுக்கு வராது. ஆகவே சண்டை பிடித்து, பந்தயம் கட்டி, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். தோற்கப்போகிறோம் என்று தெரிந்தே கட்டிய பந்தயம் அது. அதற்குப் பிறகு நூல் அக்காவிடம் திரும்பிப் போகவே இல்லை.

ஆனால் அன்றைக்கு நான் நடுவர். போட்டி முடிந்துவிட்டது, தீர்ப்புச் சொல்ல வேண்டும். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அக்கா ஓடிப்போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தலை இடது தோளை நோக்கிச் சரிந்திருந்தது.

"அம்மா, தலை சரிஞ்சிருக்கு."

"வெயில் கண்ணில அடிக்குது புள்ள."

வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்தது. முதுகு சுட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, அக்காவின் துவாயை விரித்து இரண்டு கையாலும் அம்மாவின் முகத்துக்கு முன்னால் நிழலுக்குப் பிடித்தேன். அவள் அதை விலக்கவில்லை. துவாய்க்கு அந்தப் பக்கத்தில் அவள் என்ன செய்தாள் என்று எனக்குத் தெரியாது. பின்னேரம் கரைக்கு வந்த அப்பாவிடம் ஓடிப்போய், அம்மா பந்தயத்தில் வென்றுவிட்டாள் என்று சொன்னேன்.