காலியாகத் திரும்பாத தூக்குச்சட்டி

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் ஆவடி சேக்காட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு மிலிட்டரி பாக்டரியில் வேலை. மாசம் பிறந்தால் சம்பளம் வந்துவிடும். எல்லா வீட்டுக்கும் அப்படி இல்லை. அந்த வருஷம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியைப் பூட்டிவிட்டார்கள். அதை நம்பி எங்கள் தெருவில் நாலைந்து குடும்பம் இருந்தது. முதலில் சமாளித்தார்கள். பிறகு சைக்கிள் போனது, பித்தளைக் குடம் போனது. அப்புறம் அந்த வீடுகளில் பம்பு ஸ்டவ் சத்தமே இல்லை. அந்தச் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

வெள்ளிக்கிழமை அம்மன் கோயிலில் விளக்குப் பூஜைக்குச் சேரும் பெண்கள் சிலர் கூடிப் பேசினோம். ஆளுக்குக் கொஞ்சம் அரிசி, பருப்பு போட்டு என் வீட்டில் பொங்குவது. மத்தியானத்துக்குள் நாங்களே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. சோற்றுக்காக யாரையும் நம் வாசலில் வந்து நிற்கவைக்கக் கூடாது என்று அம்மன் முன்னால் நின்று சொல்லிக்கொண்டோம்.

எதிர்வீட்டுக்கு நான்தான் போவேன். அங்கே என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவள் புருஷன் விடிந்ததும் பூட்டிக் கிடந்த கம்பெனி வாசலில் போய் உட்கார்ந்துவிடுவான். நான் கொடுத்த தூக்குச்சட்டியைச் சாயங்காலம் பளபளவென்று தேய்த்துத் திருப்பித் தருவாள். உள்ளே ஒரு கை முருங்கைக்கீரை இருக்கும். ஒரு நாள் சாமிக்குச் செம்பருத்தி, ஒரு நாள் வெல்லத் துண்டு. எங்கள் பக்கத்தில் யாரும் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரமாட்டோம். ஒன்றுமில்லாவிட்டாலும் ஒரு சிட்டிகை சர்க்கரை போடுவோம். அதனால் எனக்கு எதுவும் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை கதவு திறக்கவில்லை. “சாப்ட்டாச்சுக்கா” என்று உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. மறுநாளும் அப்படியே. ஸ்டவ் சத்தம் கேட்கவில்லை, என்னத்தைச் சாப்பிட்டார்கள்? வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

“இன்னாமே, சோத்த பாத்துனே கீற?” என்றார் என் வீட்டுக்காரர்.

“அந்தப் பசங்க துன்னுச்சோ இல்லியோ.”

“வேணான்றவள இன்னா பண்ணுவ, வாயில ஊட்டி உடுவியா?”

“நான் எதுனா சொல்லிட்டேனான்னு தெர்லயே.”

“நீ எதுனா சொல்லாத நாளு எது?”

அவர் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. விளக்கேற்றும்போது மந்திரம் பாதியில் மறந்துபோனது. தாயே, நான் என்ன பண்ணிவிட்டேன் என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

அடுத்த நாள் காலையில் அடிபம்பு அருகில் அவளைப் பிடித்துக்கொண்டேன். குடத்தை நகர்த்தவிடவில்லை.

“இன்னாடி கோவம் என்மேல?”

“கோவம்லாம் இல்லக்கா.”

“அப்புறம் இன்னாத்துக்குக் கதவ சாத்தினு கீற?”

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “நீ தூக்கு குட்தா நான் வெறுந்தூக்கா திருப்பிக் குடுக்க முடியுமா? மரத்துல கீர மொட்டையாப் பூட்சு. பசங்களுக்கு வெச்சிருந்த வெல்லத்தயும் போட்டுட்டேன். இப்போ ஊட்ல உப்புகூட இல்லக்கா.”

“அடிப் பைத்தியமே, எவடி உன்ன கேட்டா?”

“நீ கேக்கல. என் மனசு கேக்கலியே.”

வெறுமனே கொடு என்று நான் சொல்லியிருக்கலாம். அவள் இடத்தில் இருந்தால் நானும் கொடுக்கமாட்டேன். அந்த வெல்லத்தை என் வீட்டில் பாயசத்துக்குப் போட்டது நினைவுக்கு வந்தது.

வீட்டுக்கு வராமல் நேரே கோயிலுக்குப் போனேன். பூசாரி அய்யா பிரசாதம் கட்டித் தர மந்தாரை இலை வைத்திருப்பார். ஒரு கட்டு வாங்கிவந்தேன். இலையில் கட்டிக் கொடுத்தால் திருப்பித் தர ஒன்றுமில்லையே. என்னோடு சமைக்கும் அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“ரசத்த எப்டிமே இலைல கட்டுவ? கட்டிக் காட்டு, உனக்கே சூடம் காட்டறேன்.”

“ரசம் வேணாம். புளிசோறு கெளறலாம்.”

சோறு ஆறுவதற்குக்கூட எனக்குப் பொறுமையில்லை. சுடச்சுடக் கட்டி, விரலைச் சுட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன். கிளம்பும்முன் சாமி விளக்கின் முன்னால் ஒரு நிமிஷம் வைத்து, பொட்டலத்தின் மேல் கொஞ்சம் குங்குமம் வைத்திருந்தேன். கதவு கொஞ்சமாகத் திறந்தது. அவள் என் கையைப் பார்த்தாள்.

“தூக்கு எங்கக்கா?”

“தூக்கு இல்ல. சாமிகிட்ட வெச்சி எட்தாந்தேன், துன்னுட்டு இலைய தூக்கிப் போடு.”

கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாள். நான் என் வாசலுக்குத் திரும்புவதற்குள் அந்த வீட்டில் குழந்தைகள் யாருக்கு அதிகம் என்று சண்டை போடுவது கேட்டது. அன்றைக்குத்தான் நானும் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியலில் துடைப்பத்தோடு கதவைத் திறந்தால் என் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. எதிரே அவள் தன் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. ஏன்டி இந்த வேலை என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் மறுபடி கதவைச் சாத்திக்கொள்வாள். துடைப்பத்தை மூலையில் வைத்துவிட்டு அரிசி களையப் போனேன்.