ஒரு தடவை அடித்தால் போதும்

நூலகத்தில் அசைன்மெண்டுக்காக லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் யாருடைய போனோ ஒரே ஒரு முறை அடித்து நின்றது. 'அப்பா வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்' என்று மனம் தானாகச் சொல்லிக்கொண்டது.

இப்போது அப்பா எங்கே இருக்கிறார் என்பதை என் போனே வரைபடத்தில் காட்டிவிடும். உலு திராமில் இருந்த அந்த நாள்களில் அப்படியில்லை. அப்பா விடியலில் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குக் கிளம்புவார். போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டுகால் கொடுப்பார், எடுக்கக்கூடாது. பொத்தான் வைத்த அந்தச் சின்ன போன் ஒரு தடவை அடித்து ஓய்ந்த பிறகுதான் அம்மா தேத்தண்ணி குடிப்பார்.

எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒருநாள் கனமழை. மணி பத்தாகியும் போன் அடிக்கவில்லை. அம்மாவின் தேத்தண்ணியில் ஆடை படிந்துவிட்டது. பிறகு தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. அது ஒரு தடவையோடு நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தது. அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

"நீ எடும்மா," என்றார்.

எடுத்தேன்.

"அப்பாதான்மா. போன் மழையில நனைஞ்சிடுச்சு, கூட்டாளி போன்ல பேசுறேன். அம்மாகிட்ட குடு."

அம்மா போனைக் காதில் வைத்து, "பசியாறிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். உடனே விசும்பத் தொடங்கிவிட்டார்.

மறுமுனையில் அப்பா கத்தியது எனக்கும் கேட்டது.

"அலமாக்! பழைய போன்தானே லா, வேற வாங்கிக்கலாம். அதுக்குப் போயி அழுவுறியே!"

நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்க்க, முகத்தை லேப்டாப் திரைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.