பிரிட்டாவின் பள்ளியும் மேட்டுப் பள்ளியும்

ஆரின் லாஹ்தி அமெரிக்காவின் வடக்கோரத்தில் இருக்கும் எங்கள் டுலூத் நகரத்தில் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். அந்த லாரிகளைப் பழுது பார்ப்பது என் வேலை. கப்பல்கள் போகிற பெரிய ஏரியை நோக்கிச் சரிந்து இறங்கும் தெருவில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு மரவேலிதான். ஆரின் அதிகம் பேசமாட்டான். அவன் பங்கையும் சேர்த்து அவன் மனைவி பிரிட்டா பேசிவிடுகிறாள் என்று பணிமனையில் கிண்டல் செய்வோம். அவள் இறந்த பிறகு அந்தக் கிண்டலை யாரும் வாயில் எடுப்பதில்லை.

பிரிட்டா எங்கள் பேட்டை அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை. என் இரண்டு பையன்களுக்கும் எழுத்துக் கற்றுக்கொடுத்தவள். வகுப்பறை ஜன்னல்களுக்குக் கீழே சுவர் நெடுக ஏரியை நீலத்தில் தீட்டி வைத்திருந்தாள். அவளிடம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி முடிகிற வாரத்தில் அந்தத் தண்ணீரில் ஒரு கப்பல் வரைந்துவிட்டுப் போகும். புற்றுநோய் அவளை ஒரே குளிர்காலத்தில் கொண்டுபோயிற்று. மகள் சிக்னாவுக்கு அப்போது மூன்று வயது. மறு கோடையில் பள்ளிக்கு வெள்ளையடிக்க வந்தவர்களிடம், அந்தச் சுவரில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அதை என்னிடம் சொன்னபோது ஆரின் லாரியின் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே எண்ணம்தான். சிக்னா அந்த அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

"அங்க போனா எல்லாரும் பிரிட்டாவைப் பத்திப் பேசுவாங்கல்ல," என்றான் ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று. "என்னால அவ்வளவு பேச முடியாது. அவங்க சொன்னா இவளுக்கும் தெரிஞ்சிரும், அம்மா எப்படி இருந்தான்னு."

சிக்னா அந்தப் பள்ளியில் சேர்ந்தாள். அவன் நினைத்தது நடக்கவும் செய்தது. சமையலறை அம்மாள் அவள் தட்டில் கூடுதலாக ஒரு கரண்டி வைத்து, "உங்கம்மாவுக்கும் இது ரொம்பப் பிடிக்கும்டா கண்ணு" என்பாள். பெருக்கித் துடைக்கிற பெரியவர் அவள் அம்மா பனிக்காலத்தில் ஜோடி மாறிய காலுறைகளோடு வந்த கதையைச் சொல்லுவார். ஆரின் அவளைக் கொண்டுவிடப் போனால் உடனே திரும்பமாட்டான். தாழ்வாரத்தில் தொங்கும் சின்னச் சின்னக் கோட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பான். அந்த வகுப்பறைக் கதவு திறந்து மூடும்போதெல்லாம் பிரிட்டா வெளியே வரப்போகிறாள் என்பது மாதிரி ஒரு முகம் அவனுக்கு இருக்கும் என்று என் மனைவி சொன்னாள்.

சிக்னா சூட்டிகையான பெண். மாலையில் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து கதைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு எங்களுக்குப் படித்துக் காட்டுவாள். குரலை ஏற்றி இறக்கி, கரடிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல். ஒருமுறை அவளுடைய விரல் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டது. அவள் நிற்காமல், விட்டுப்போன பக்கத்தில் இருந்ததையே சொல்லிக்கொண்டு போனாள். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவளும் கவனித்திருந்தாள். நாங்கள் இருவரும் ஆரினிடம் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

சொன்னவள் லோர்னா. அவள் இரண்டாம் வகுப்பு ஆசிரியை, பிரிட்டாவின் உயிர்த்தோழி. ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் ஆரினுக்கு மாற்றாகக் கட்டிலருகே இருந்தவள். சிக்னா இரண்டாம் வகுப்புக்கு வந்த இலையுதிர் காலத்தில், பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஆரினை உட்காரச் சொன்னாளாம். அவன் பிறகு எனக்கு அதை ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"ஆரின், அவளுக்குப் படிக்க வரல."

"வீட்ல நல்லாத்தானே படிக்கிறா."

"மனப்பாடம். யாராவது ஒரு தடவ படிச்சுக் காட்டினாப் போதும், அவளுக்கு அப்படியே நின்னுரும். எழுத்தப் பாத்து ஒரு வார்த்தைகூட வரல. இங்க எல்லாரும் அவளக் கையில தாங்குறோம். அவ முறை வந்து திணறினா, சரிம்மா உட்காருன்னு அடுத்த பிள்ளைக்குப் போயிடுறோம். நானும்தான். அந்த முகத்தப் பாத்தா எனக்கு மனசு வரல."

"சரி, அப்ப இங்கயே சொல்லிக் கொடுங்க."

"இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னு தனியாப் பயிற்சி எடுத்த டீச்சர் ஒருத்தங்கதான் இருக்காங்க. மூணு பள்ளிக்கூடத்துக்கு அவங்க ஒரே ஆள். வாரத்துல ஒருநாள் எட்டிப் பாக்குறாங்க. பத்தாது. மேட்டுப் பள்ளிக்கூடத்துல இதுக்குன்னே தினம் சொல்லிக் கொடுக்குறாங்க. கட்டணத்துல சலுகையும் தருவாங்க. கூட்டிட்டுப் போயிரு."

மேட்டுப் பள்ளி என்று நாங்கள் சொல்வது ஊரின் மேல்புறம் இருக்கும் தனியார் பள்ளியை. டாக்டர்கள், வக்கீல்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற இடம். எங்கள் தெருவிலிருந்து அங்கே யாரும் போனதில்லை.

"பிரிட்டா கட்டி வளர்த்த இடம் இது," என்றான் ஆரின். "அவ இருந்திருந்தா இப்படிச் சொல்லுவியா?"

"அவ இருந்திருந்தா நான் சொல்ல வேண்டியதே இருந்திருக்காது. போன வருஷமே அவ கூட்டிட்டுப் போயிருப்பா."

அவன் எழுந்து வந்துவிட்டான். அதன் பிறகு பல மாதங்கள் லோர்னாவைப் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொண்டு போனான். என்னிடம் புலம்பினான். அவள் தோழிக்குத் துரோகம் செய்கிறாள் என்றான். என் பிள்ளைகள் அந்த அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்து ஆளானவர்கள். ஒருவன் கப்பலில் எஞ்சினியர். அந்தப் பள்ளியைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கே கோபம் வரும். ஆனால் அந்த இரண்டு தாள்களும் என் நினைவில் இருந்தன. கடைசியில் அதைச் சொல்லிவிட்டேன். அவன் என்னை முறைத்தான்.

"எத்தனை நாளாத் தெரியும் உனக்கு?"

"கொஞ்ச நாளா."

"நீயும் தாங்கிட்டுத்தான் இருந்திருக்கே."

அந்தக் குளிர்காலத்தின் முடிவில் அவன் சிக்னாவை மேட்டுப் பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சும்மா பார்த்துவிட்டு வர என்றுதான் சொன்னான். நான் கூடப் போனேன், அவனுடைய கார் அன்று என் பணிமனையில் இருந்ததால். அங்கே டெஸ்மண்ட் என்கிற இளம் ஆசிரியர் எங்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்தார். சிக்னாவிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். அது அவளுக்குத் தெரிந்த கரடிக் கதை. அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, கரடிக் குரலில் ஆரம்பித்தாள். டெஸ்மண்ட் சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு அவள் பார்த்திராத ஒரு புத்தகத்தை முன்னால் வைத்தார். சிக்னா படத்தைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். படத்தில் இருந்த நாயைப் பற்றி ஒரு கதை சொல்லத் தொடங்கினாள். நல்ல கதைதான். நாய்க்கு ஒரு குரல்கூடக் கொடுத்தாள்.

டெஸ்மண்ட் முழுவதும் கேட்டார். பிறகு மெதுவாகப் புத்தகத்தை மூடினார்.

"உனக்கு அருமையான ஞாபகசக்தி. எல்லாத்தையும் மனசுலயே வச்சிருக்கியா?"

சிக்னா தலையாட்டினாள்.

"ரொம்பக் களைப்பா இருக்கும்ல?"

"ஆமா," என்றாள் சிக்னா. அவ்வளவுதான் சொன்னாள். பிறகு அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதாள். ஏழு வயதுப் பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஆரின் தன் பெரிய கைகளை முழங்கால் மேல் வைத்தபடி இருந்தான். திரும்பி வரும்போது பள்ளியின் வாசலில் நின்று கீழே ஏரியைப் பார்த்தான். பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரிய ஆரம்பித்திருந்தது.

"நான் பழைய பள்ளிக்கூடத்துல சிக்னாவ விட்டது அவளுக்காக இல்ல," என்றான். "எனக்குப் போய் நிக்க ஒரு இடம் வேணும்னு விட்டிருக்கேன்."

சிக்னாவை மேட்டுப் பள்ளியில் சேர்க்கப்போகிற விஷயம் பணிமனையில் பரவியதும் ரஸ் என்கிற வாயாடி டிரைவர் விடவில்லை.

"என்னய்யா ஆரின், இனிமே டை கட்டிட்டுத்தான் பனி வாருவியா? நாங்க குனிஞ்சு வணக்கம் வைக்கணுமா?"

"நீ குனிஞ்சா நிமிர முடியாது ரஸ். வயித்தப் பாத்துக்க," என்றான் ஆரின். பிரிட்டா போன பிறகு அவன் பணிமனையில் சொன்ன முதல் கிண்டல் அதுதான்.

இலையுதிர் காலத்தில் சிக்னா மேட்டுப் பள்ளிக்குப் போனாள். அங்கே தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுத்தை எழுதி, அதன் ஒலியை வாய்விட்டுச் சொல்ல வைத்தார்கள். தினமும் அதுவேதான். முதல் வருடம் ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்தது. ஆரின் ஊதியம் போதாமல் வார இறுதிகளில் படகுத்துறையில் வேலை பார்த்தான். காலையில் அவளை மேட்டில் இறக்கிவிட்டால் அவனுக்கு அங்கே நிற்கத் தோன்றாது. பளபளப்பான தாழ்வாரம். பழக்கமில்லாத பெயர்கள். அந்தக் கட்டடத்தில் யாருக்கும் பிரிட்டா யாரென்று தெரியாது. அவன் காரைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவான்.

"அங்க எந்தக் கதவுக்குப் பின்னாலயும் அவ இல்ல," என்று ஒருநாள் சொன்னான்.

அந்தக் குளிர்காலத்தில் பெரும்பனி பெய்து விடிந்த ஒரு காலையில், அவனுடைய வழித்தடத்திலேயே இல்லாத ஒரு சந்தில் லாரியைத் திருப்பி, லோர்னாவின் வீட்டு வாசலைச் சுத்தமாக வாரிக் கொடுத்தான். அது விதிக்குப் புறம்பு. லோர்னா வீட்டு அங்கியோடு ஒரு குவளை காப்பியை எடுத்துவந்து லாரி ஜன்னல் வழியாக நீட்டினாள். இருவரும் பள்ளியைப் பற்றிப் பேசவில்லை. குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தான். அதோடு சரி.

மூன்றாவது வருடத்தில் சிக்னா தெருப் பலகைகளைப் படித்தாள். பிறகு காலைச் சிற்றுண்டித் தானியப் பெட்டிகள், என் பணிமனையின் எச்சரிக்கை அட்டைகள், எல்லாவற்றையும். மெதுவாக, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. இன்றும் அவள் மெதுவாகத்தான் படிக்கிறாள். ஆனால் படிக்கிறாள். ஒன்பதாம் வகுப்புக்கு நகரத்து அரசு உயர்நிலைப் பள்ளிக்கே போகிறேன் என்று அவளே கேட்டுச் சேர்ந்தாள். ஆரின் மறுக்கவில்லை.

நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அவள் மேட்டுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது நடந்த ஒன்று. பள்ளி முடிகிற வாரம், குடும்பங்கள் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து புல்வெளியில் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து. ஆரின் காட்டரிசி சூப் வைத்திருந்தான். தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் என் மனைவியையும் இழுத்துக்கொண்டு போனான். நாங்கள் தட்டோடு ஒரு மரத்தடியில் நின்றோம். கொஞ்சம் தள்ளி, சிக்னா ஏழெட்டுப் பிள்ளைகள் சூழ உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பெண் கேட்டாள்: "உங்கம்மா வரலயா?"

"எங்கம்மா செத்துட்டாங்க. டீச்சரா இருந்தாங்க. ஒரு கால்ல பச்சைக் காலுறை, ஒரு கால்ல சிவப்புக் காலுறை போட்டுட்டுப் பள்ளிக்கூடம் வருவாங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். சிக்னாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. கைகளை ஆட்டிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். அம்மா எப்படிப் பாடுவாள், கோபம் வந்தால் எப்படி மூக்கு சிவக்கும் என்றெல்லாம்.

"அப்புறம் ரெண்டு விரலை வாயில வச்சு விசிலடிப்பாங்க பாரு, ஏரியில போற கப்பல் திருப்பிச் சங்கு ஊதும்."

நான் ஆரினைப் பார்த்தேன். அவன் கையில் கரண்டி அப்படியே நின்றிருந்தது.

"பிரிட்டா விசிலடிப்பாளா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"இல்ல. காத்துதான் வரும். எவ்வளவோ சொல்லிக் கொடுத்துப் பாத்தேன்."

"போய் அவகிட்ட அப்படி இல்லன்னு சொல்லலாமே."

அவன் தட்டை என் மனைவியிடம் கொடுத்துவிட்டு, சிக்னா சொல்வது இன்னும் தெளிவாகக் கேட்கும்படி நாலடி முன்னால் போய் நின்றான்.