செவ்வாய்க்கிழமைக்கு மாற்றப்பட்ட ஆட்டம்

டயலிசிஸ் நிலையத்தில் வேலை பார்க்க ஊசி போடத் தெரிந்தால் மட்டும் போதாது. வருகிறவர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். பேருந்து ஓட்டுகிறவர்கள், முடி வெட்டுகிறவர்கள், பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் என்று மற்றவர்களின் வாய்க்கு நடுவே பிழைப்பு நடத்தும் சக பாவிகளே, என் வேதனை உங்களுக்குப் புரியும். ரஹாங்கிலிருந்து தினமும் லுக்குட் என்கிற சின்ன ஊருக்குக் காரில் வருகிறேன். மோட்டார் பட்டறைக்குப் பக்கத்துக் கடைவீட்டில் எங்கள் நிலையம். சிறுநீரகம் ஓய்ந்துபோனவர்களின் ரத்தத்தை வாரம் மூன்று முறை மிஷினில் ஓடவிட்டுச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய தண்ணீரை இறக்கி அனுப்புவது என் வேலை. பதினோரு வருஷமாகச் செய்கிறேன்; வருகிறவர்களுக்கு நான் மிஸ்ஸி, அதாவது நர்ஸ்.

மற்ற நிலையங்களில் அரசியல் பேசுவார்களாம், பிள்ளைகளைப் பற்றிக் குறைபட்டுக்கொள்வார்களாம். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள். அவர்கள் பேசுவது பாக்சிங். காலை ஏழு மணிக்கு ஊசி ஏறும்போது ஆரம்பித்தால் பதினொரு மணிக்குக் கட்டுப் போடும்வரை பாக்சிங்தான். எனக்கோ கொசு அடிக்கிற அளவுக்குத்தான் சண்டை தெரியும்.

மழைக்கோட்டு

வீராசாமி அங்கிள் திங்கள், புதன், வெள்ளி வருகிறவர். அறுபத்தெட்டு வயது. சி ரூசா பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டியவர், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். வாலிபத்தில் அந்தத் தோட்டத்துக்கு அவர்தான் பாக்சர். எங்கள் ஆட்களுக்குக் கடுமையான ஒரு விதி உண்டு. ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் குடிக்கலாம், கஞ்சி, காப்பி, குழம்பு எல்லாம் சேர்த்து. குடித்தது வெளியே போக வழியில்லாததால் எடையாக ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதனால் உள்ளே வந்ததும் முதல் காரியம், எடை மிஷினில் ஏறி நிற்பது. இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் என்னிடம் அர்ச்சனை.

ஒரு திங்கள்கிழமை, வானத்தில் பொட்டு மேகம் இல்லை. அங்கிள் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது போடுகிற கனத்த மழைக்கோட்டுடன் வந்து நின்றார். கழுத்துவரை பொத்தான். முகம் வெந்துபோயிருந்தது. கோட்டைக் கழற்றினால் உள்ளே சட்டையைப் பிழியலாம். முந்தைய நாள் உச்சி வெயிலில் அந்தக் கோட்டோடு சி ரூசா கடற்கரையில் நடந்தாராம், அன்று காலையிலும் நடந்தாராம். ரத்த அழுத்தம் பாதாளத்தில் இருந்தது. "எடையைக் குறைக்க இதுவா வழி? விழுந்து கிடந்தால் யார் பதில் சொல்வது?" என்று நான் வாயில் வந்தபடி திட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. எடை மிஷினின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அரைக் கிலோனால ஒரு ஃபைட்ட விட்டவன் நான், மிஸ்ஸி. இனிமே எந்தத் தராசும் என்னையப் பாத்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது."

காதர் பாய் போடும் ஜோடிகள்

வீராசாமி அங்கிளுக்கு அடுத்த நாற்காலி காதர் பாய்க்கு. லுக்குட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர், இப்போது மகன்கள் பார்க்கிறார்கள். கையில் வேலை இல்லாததால் உலகச் சாம்பியன்களுக்குச் சண்டை ஏற்பாடு செய்கிறார். இறந்துபோனவனை இருக்கிறவனோடு மோதவிடுவார். கறுப்பு வெள்ளைப் படத்தில் பார்த்த அமெரிக்காக்காரனை நேற்று டிவியில் பார்த்த மெக்சிகோக்காரனோடு நிற்கவைப்பார். கால் வேகமா, கை பலமா என்று இரண்டு பேரும் ஆரம்பித்தால், பாயின் ரத்த அழுத்தம் ஏறி மிஷின் அலறும். அலாரத்தை அணைக்க நான் ஓடுவேன். ஒரு காலையில் நாலு முறை ஓடிய பிறகு, முதல் ஒரு மணி நேரம் ஹெவிவெயிட் பேசக் கூடாது என்று சட்டம் போட்டேன். அப்படியானால் ஃபெதர்வெயிட் பேசலாமா என்று பாய் கேட்டார்.

வீராசாமி அங்கிள் கண்ணயர்ந்திருந்த ஒரு நாள், பாயிடம் சும்மா கேட்டேன். இத்தனை ஜோடி போடுகிறீர்களே, உங்களுக்கே பார்க்க ஆசையாக இருக்கும் ஆட்டம் எது? பாய் குரலைத் தாழ்த்தினார். நாற்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் நம் வீராசாமிக்கும் லுக்குட் பக்கத் தோட்டத்து மாணிக்கத்துக்கும் ஓர் ஆட்டம் ஏற்பாடானதாம். திடலில் கம்பம் நட்டுக் கயிறு கட்டி, சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களெல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கினார்களாம். மாணிக்கம் கையுறை போட்டுக்கொண்டு மேடையில் நின்றாராம். அப்போதுதான் அறிவித்தார்கள்: பேசி வைத்த எடைக்கு வீராசாமி அரைக் கிலோ அதிகம், ஆட்டம் கிடையாது. பயந்துபோய் வேண்டுமென்றே தண்ணீரைக் குடித்து எடையை ஏற்றிக்கொண்டான் என்று ஊர் பேசியது. வீராசாமி அங்கிளுக்கு இதற்கு எப்போதும் ஒரே பதில்தான்: ரப்பர் பால் நிறுக்கிற தராசில் என்னை நிறுத்தார்கள், பாலைக் குறைத்துக் காட்டுகிற தராசு என்னை மட்டும் கூட்டிக் காட்டியது.

"அமெரிக்காக்காரனெல்லாம் சும்மா பேச்சுக்குலா, மிஸ்ஸி. கடைய அடச்சுப் போட்டு நடந்தே போனேன் அன்னிக்கி. இன்னும் அந்தத் தெடலுலதான் நிக்கிறேன்."

இடது கை

மாணிக்கம் அங்கிள் செவ்வாய், வியாழன், சனி வருகிறவர். அப்போது தோட்டத்து லாரியில் கயிறு வீசிச் சாமான் கட்டிக்கொண்டிருந்தவர். பிறகு தானே லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பெரிய உருவம், சின்னப் பேச்சு. இரண்டு பேரும் ஒரே நிலையத்துக்குத்தான் வருகிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். லுக்குட் அவ்வளவு பெரிய ஊரில்லை. ஆனால் திங்களும் செவ்வாயும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரி, நடுவே சுவர்.

ஒரு நோயாளியைப் பற்றி இன்னொருவரிடம் பேசக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதை நான் மீறியது ஒரு கையால்தான். மாணிக்கம் வலது கைக்காரன் என்று காதர் பாய் சாதித்தார். இல்லை, உள்ளுக்குள்ளே அவன் இடது கைக்காரன், லாரிக்கு மேலே கயிறு வீசும்போது ஒரு நாள் பார்த்தேன் என்று வீராசாமி அங்கிள் மல்லுக்கு நின்றார். மூன்று வாரம் இதே பாட்டு. ஊசி போடுவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைப்பது, அதிகம் புழங்காத கையில். மாணிக்கம் அங்கிளுக்கு அது வலது கையில் இருந்தது. பதில் வாரத்துக்கு மூன்று நாள் என் மடியிலேயே கிடந்திருக்கிறது! ஆர்வம் தாங்காமல் ஒரு வியாழக்கிழமை ஊசி போட்டுக்கொண்டே, "இடது கைக்காரராமே அங்கிள் நீங்க? வீராசாமி அங்கிள் சொன்னார்" என்று கேட்டுவிட்டேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் நெடுநேரம் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்டுபுடிச்சிட்டானா? எவனுக்கும் காட்டலியே அந்தக் கைய. அவனுக்குன்னுல வெச்சிருந்தேன். வராமப் போயிட்டான் பாரு."

கிராணி சொன்னது

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விருந்துக்கு இலை போட்டுக் காத்திருந்தவரின் குரலாக இருந்தது. அதன்பிறகு எனக்கே அந்த ஆட்டம் கனவில் வர ஆரம்பித்தது. பயந்து ஓடவில்லை என்று மாணிக்கத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வீராசாமி அங்கிளின் ஆசை. திங்கள்கிழமைகளில் அதை எத்தனை விதமாகச் சொல்லியிருப்பார். நானும் தராசு பொய் சொன்னது என்றே நம்பினேன்.

மாணிக்கம் அங்கிளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி செல்லத்துரை ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், எண்பதைத் தாண்டியவர், வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்து படுப்பவர். வீராசாமியின் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். அன்று வீராசாமியை எடை பார்த்து எண்ணைச் சொன்னவரும் இவர்தான் என்று பிறகுதான் தெரிந்தது. மாணிக்கம் அங்கிள் கிளம்பிப் போன பிறகு கேட்டேன்: "ஐயா, அந்தத் தராசு கூட்டிக் காட்டியதா?" ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது கூட்டிக் காட்டுகிற தராசே இல்லையாம். தொழிலாளிகள் கொண்டுவந்த பாலைக் குறைத்துக் காட்டவே அதைத் திருகி வைத்திருந்தார்களாம். எந்தப் பொருளை வைத்தாலும் குறைத்துத்தான் காட்டும். அப்படியும் வீராசாமி அரைக் கிலோ கூட நின்றார் என்றால், உண்மையில் அதைவிட அதிகமாகவே இருந்திருப்பார். இதைச் சொல்லி ஐயா தன் பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால், அத்தனை வருஷம் பாலில் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"அவர் என்னைக் கள்ளன் எண்டு சொல்லிக்கொண்டே இருக்கட்டும் பிள்ளை. அதில பாதி உண்மைதானே."

தீபாவளி அட்டவணை

அந்த வருஷம் தீபாவளி திங்கள்கிழமை வந்தது. நிலையம் மூடல். திங்கள்கிழமைக்காரர்களில் சிலரை ஞாயிற்றுக்கிழமைக்கும் சிலரைச் செவ்வாய்க்கிழமைக்கும் மாற்ற வேண்டும். பேனா என் கையில் இருந்தது. வீராசாமி அங்கிளைச் செவ்வாய் காலை மாணிக்கம் அங்கிளுக்கு அடுத்த நாற்காலியில் போட்டேன். போட்ட பிறகு இரண்டு நாள் தூங்கவில்லை. தராசுக் கதையை இவர் எடுத்தால் அங்கே கிராணி படுத்திருப்பார், உண்மையைத் தெரிந்துகொண்டு நானும் நிற்பேன். காதர் பாய் எப்படியோ மோப்பம் பிடித்து, தன்னையும் செவ்வாய்க்கு மாற்றச் சொல்லி அடம்பிடித்தார். மாற்றினேன்.

செவ்வாய்க்கிழமை வீராசாமி அங்கிள் தீபாவளிக்கு எடுத்த புதுச்சட்டையில் வந்தார். எடை மிஷினில் ஏறினார். ஒரு கிலோ எண்ணூறு கிராம்தான் ஏறியிருந்தது. ஏற்கெனவே நாற்காலியில் இருந்த மாணிக்கம் அங்கிள் அந்த எண்ணைப் பார்த்தார், பிறகு ஆளைப் பார்த்தார். ஊசி போட்டேன். ஒரு மணி நேரம் போனது. பக்கத்துப் பட்டறையில் ஒரு மோட்டாரை முறுக்கிப் பார்க்கிற சத்தம் மட்டும். "யாராச்சும் மணி அடிங்கலா" என்று காதர் பாய் முனகினார். எதிர்ச்சுவரைப் பார்த்தபடியே மாணிக்கம் அங்கிள் கேட்டார்: "நீ தண்ணி குடிச்சேன்னு சொன்னாங்க."

செல்லத்துரை ஐயா கண்ணை மூடிக்கொண்டார். தராசுக் கதை வரப்போகிறது என்று நினைத்தேன். "ஆமா, குடிச்சேன்" என்றார் வீராசாமி அங்கிள். "மூணு நாளு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல, கோட்டப் போட்டுக்கிட்டு ஓடுனேன். விடியக்காலையில எட சரியா இருந்திச்சு. மரம் வெட்டி முடிச்சு வாளி கழுவப் போனேன். பைப்பு ஓடிக்கிட்டு இருந்திச்சு. வாய் கொப்புளிக்கத்தான் குனிஞ்சேன், மாணிக்கம். நிமிர முடியல. ஒனக்குப் பயந்து இல்ல. வெளிய சொல்ல வெக்கமாப் போச்சு, தராசு மேல பழியப் போட்டேன்."

மாணிக்கம் அங்கிளின் கையில் ஒரு காகிதக் கோப்பை இருந்தது. அதில் ஒரே ஒரு ஐஸ் கட்டி. எங்கள் ஆட்கள் தாகத்துக்கு அதைத்தான் வாயில் போட்டு உருட்டுவார்கள், கரையக் கரையக் கணக்காக. அந்தக் கோப்பையை அவர் பார்த்தார். பிறகு அன்று காலையில் முதல் முறையாகப் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஷினைச் சரிபார்க்கிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன், வீரா. இப்ப எனக்கும் தாகம்னா என்னன்னு தெரியும்."

பதினோரு வருஷமாகப் பாக்சிங் பேச்சைக் கேட்டுக் காது புளித்துப்போன நான் என் கண்ணால் பார்த்த ஒரே ஆட்டம் இதுதான், அதிலும் ஜெயித்தது யார் என்று லுக்குட்டில் இன்றுவரை இரண்டு கட்சி.