வெர்லினின் பின்பம்பர்

எங்கள் வர்ஜீனியா மலைப்பக்கத்தில் சனிக்கிழமை சாயங்காலமானால் இரண்டு வகை ஆட்கள்தான்: பந்தயக் கார் ஓட்டுகிறவர்கள், அவர்களைத் திட்டுகிறவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தியில்லை. நொறுங்கிய கார்களை இழுத்துப் போகும் லாரி என்னுடையது. அதனால் வெர்லின் ஸ்டாம்பரை அவன் மனைவிக்குத் தெரிந்ததைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

வெர்லினுக்கு மர மில்லில் வேலை. வீட்டுக் கூரை ஒழுகும், கார் பளபளக்கும். இருபது வருஷத்துக்கு மேல் அதே சின்னப் பந்தய வட்டத்தில் சுற்றினான். ஒரு பந்தயம்கூட ஜெயிக்கவில்லை. அவன் மனைவி நெட்ரா மைதானத்தில் வறுத்த போலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச் விற்பவள். கல்யாணமான புதிதில், "இவர் ஜெயிக்கிற அன்னிக்கு எல்லாருக்கும் ஓசி"ன்னு வாயை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து வாராவாரம் கடை முன்னால் ஒருவன், "என்ன நெட்ரா, இன்னிக்காவது ஓசி உண்டா?" என்பான். அவள் மிளகாய்த்தூளை அவன் ரொட்டியில் சற்று தாராளமாகத் தூவுவாள்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம். முன்னால் போகிறவனைத் தாண்ட முடியாவிட்டால் கடைசிச் சுற்றில் அவன் பின்பம்பரில் லேசாக ஒரு இடி. அவன் வெளிப்பக்கம் சறுக்குவான், இடித்தவன் உள்பக்கமாகப் போய்விடுவான். யாரும் இதைத் தப்பென்று சொல்வதில்லை. இடி வாங்குகிறவன் மதிப்புள்ளவன். வெர்லினை யாரும் இடித்ததில்லை. இடிக்க வேண்டிய இடத்தில் அவன் இருந்ததே இல்லை.

போன ஆகஸ்டில் இருந்தான். கடைசிச் சுற்றில் வெர்லின்தான் முதல். பின்னாலேயே டிரென்ட் கோயின்ஸ். சொந்த மாமனார் காரையே இடித்துச் சுவரில் சாத்தியவன். கடைசி வளைவில் டிரென்டின் மூக்கு வெர்லினின் பம்பரைத் தொடும் தூரம் வந்தது. தொடவில்லை. வெர்லின் ஜெயித்தான். ஜனம் எழுந்து நின்று கத்தியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

வெர்லின் காரை விட்டு இறங்கினான். கோப்பை பக்கம் போகாமல் காரின் பின்னால் போய்க் குனிந்து பம்பரைப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

"ஏன்டா இடிக்கல?"

கைகொடுக்க வந்த டிரென்ட் தலையைச் சொறிந்தான். "உங்களப் போய் எப்படிண்ணே... இத்தன வருஷத்துல ஒண்ணுகூட இல்லையே. பாவமா இருந்துச்சு."

நெட்ரா அடுப்பை முழுசாகத் திறந்துவிட்டுத் தட்டோடு நின்றாள். வெர்லின் அவளிடம் போனான்.

"யாருக்கும் ஓசி கிடையாது. காசு வாங்கு."

"ஏன்யா, ஜெயிச்சிட்டியே!"

"நான் ஜெயிக்கல. குடுத்தாங்க."

மூன்று வாரம் மில்லுக்குப் போனான், கராஜுக்குப் போனான், அவ்வளவுதான். நான்காவது சனிக்கிழமை மறுபடி கடைசிச் சுற்று, மறுபடி வெர்லின் முதல், மறுபடி பின்னால் டிரென்ட். இந்த முறை பையன் யோசிக்கவே இல்லை. சத்தம் வாகன நிறுத்தம்வரை கேட்டது. வெர்லினின் கார் இரண்டு தரம் சுழன்று, புல்லில் போய்ப் புகையோடு நின்றது. ஒன்பதாவது இடம்.

நான் லாரியைக் கொண்டுபோனேன். அவன் அதற்குள் இறங்கி, மடங்கித் தொங்கிய பம்பரைத் தடவிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"லாரியில கட்டட்டுமா?" என்றேன்.

"அப்புறம் கட்டு. மொதல்ல நெட்ராகிட்ட போய்ச் சொல்லு, இன்னிக்கு எல்லாருக்கும் ஓசின்னு."